மிளகாய் மில்லுக்கு நான் கொடுத்த சம்மதம்

என் எட்டு வயது மகனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஸ்ரீவராகத்தில் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டை வாங்கிய பழவங்காடிக் கடைத்தெரு வியாபாரி, நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒரு மலையாளக் காகிதத்தை நீட்டினார்.

"ஸ்வாமி, ஒரு ஒப்பு வேணும், ஒரு கையெழுத்து. பின்னால சின்ன ஷெட் கெட்டணும், அவ்வளவுதான் கேட்டேளா."

இருபது வருஷமாக இந்த மலையாளத்து ஊரில் மலையாளம் பேசுகிறேன். ஆனால் படித்தது தமிழும் இங்கிலீஷும்தான். மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, படிப்பதுபோல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்த ஷெட்டில் மிளகாய் அரைக்கும் மில் ஓடியது. அன்று மாலையே பையனுக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தது. எப்படியோ பிழைத்தான். மறுநாள் முனிசிபல் ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா அதே காகிதத்தைக் காட்டினார்.

"மில்லுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதியிருக்கு. இது ஸாரோட ஒப்பு தன்னே அல்லே?"

"என்னோடதுதான். ஆனா..."

"பின்னே ஞான் எந்து செய்யும் ஸாரே? லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு. புதுக்கும்போ ஆட்சேபம் கொடுங்கோ."

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா தலையா போயிடும்?" என்று மனைவி அழுதாள்.

பையனை நாகர்கோவிலில் என் தமக்கை வீட்டில் விட்டிருக்கிறேன். எப்போது அழைத்துப் போவீர்கள் என்று கடிதம் எழுதுகிறான். நான் முதல் வகுப்பு மலையாளப் புத்தகம் வாங்கி எழுத்துக் கூட்டுகிறேன். மில் லைசென்ஸைப் புதுப்பிக்கும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வாரந்தோறும் முனிசிபல் நோட்டீஸ் பலகையை வரிவரியாகப் படிக்கிறேன். புரியாத காகிதம் வந்தால், "எனக்கு வாசிக்கத் தெரியாது, படிச்சுச் சொல்லுங்கோ" என்று உரக்கவே கேட்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.