டாக்டர் சொன்ன அருவி

ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று தென்காசியில் ஒரு டாக்டரிடம் போனேன். ஏசி அறையில் ஜன்னலை இறுக்கச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த அவர், "மாத்திரை இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் மலை, அருவின்னு இயற்கையோட இருங்க, மனசு லேசாயிரும்" என்றார்.

சாரல் சீசனில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், உள்ளூர்க்காரன் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். குற்றாலம் மெயினருவிக்குப் போனேன். வண்டி நிறுத்த ஒரு மணி நேரம், வரிசையில் ஒரு மணி நேரம் இயற்கையோடு இருந்தேன். முன்னும் பின்னும் நின்றவர்கள் தேய்த்திருந்த எண்ணெயெல்லாம் இலவசமாக என் மேல் ஏறியது. ஒருவழியாக அருவிக்குள் தலையை நீட்டினால் போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். "போதும் வே, நவுரும்! பின்னால ஆளு நிக்காங்கல்லா!" எனக்குப் பாதித் தலைதான் நனைந்திருந்தது.

மறுநாள் டாக்டரிடம் அருவிக்குப் போன கதையைச் சொன்னேன். அவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இன்னும் கூடியிருக்கே. உங்களுக்குக் குற்றாலம் சரிப்படாது அண்ணாச்சி. லீவு போட்டுட்டு ஊட்டிக்குப் போயிட்டு வாங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் மலை முழுக்க மேகம். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"சாத்துங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர். "ஏசி வெளிய போயிரும்."