நாடாவுக்கு அடியில்

காய்ச்சல் வந்த முதல் நாளில் எனக்கு நினைவிருப்பது நாக்கின் கசப்புதான். குடித்த கஞ்சியை அப்படியே கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். நான் நிமிர்வதற்குள் எறும்புகள் அதில் வரிசை கட்டிவிட்டன. சீ, இதுங்க அவசரத்தைப் பார் என்று அந்த நிலையிலும் திட்டினேன்.

பூச்சி என்றாலே எனக்குக் குமட்டும். செவிலிமேட்டில் வாடகைக்கு இருந்தவரை கரப்பான், பல்லியோடு போயிற்று. தாமல் ஏரிக்குப் பக்கத்தில், கணவரின் நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஒன்றா இரண்டா! குளியலறை வாளிக்கு அடியில் தேரை. மழை விட்டால் சுவரெல்லாம் மரவட்டை. கதவின் சாவித் துவாரத்தில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி, உயிருள்ள பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து திணிக்கும். பார்க்கவே அருவருப்பு. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. எது எங்கே முட்டையிடும், எது எப்போது வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

"இன்னா, அதுங்களுக்கு சென்சஸ் எடுக்கறியா?" என்று கணவர் கிண்டல் செய்வார். தலையணையை உதறி, செருப்பைத் தட்டி, ஒன்றையும் என் மேல் ஏறவிடாமல்தான் இருந்தேன். இருந்ததாக நினைத்தேன்.

மூன்று நாள் மாத்திரையோடு ஓட்டினேன். நான்காம் நாள் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. ஆனால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) இறங்கிக்கொண்டே போனது. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. மருத்துவர் என் கணவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்த கணவர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போவேனோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

மருத்துவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "அம்மா, உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு தட்டின புண்ணு இருக்குதா? வலிக்காது, அரிக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லப்பா" என்றேன்.

இடுப்பில் ஒன்று இருந்தது. அதைப் போய்ப் புண் என்று யார் சொல்வார்கள்? புடவை கட்டும் எங்களுக்கெல்லாம் பாவாடை நாடா அழுத்தும் இடம் கறுத்துத் தடித்துத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுவோம். நினைவு வந்திருந்தாலும், அந்தப் பிள்ளையிடம் நாடாவைத் தளர்த்திக் காட்டியிருக்க மாட்டேன்.

அன்று மாலை உடம்பு துடைக்க நர்ஸ் வந்தாள். நைட்டிக்குள்ளும் நான் பாவாடையை விட்டிருக்கவில்லை. அவள் நாடாவை அவிழ்த்ததும் எழுந்த நாற்றத்தில் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாக்கா இது?"

"நாடா தழும்புமா."

"நாடா தழும்பு சுத்திலும் இல்ல இருக்கும்? இது ஒரே எடத்துல சிகரெட்டால சுட்டமாதிரி இருக்குதே! இதையா மறைச்சுக்கினு இருந்தீங்க?" என்று கத்திக்கொண்டே மருத்துவரைக் கூப்பிட ஓடினாள்.

அதற்குப் பெயர் எஸ்கார் (கடிபட்ட இடத்தில் தோல் செத்து உண்டாகும் கறுப்புப் பொருக்கு). நோய், உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிக்குஞ்சு புல்லிலும் புதரிலும் காத்திருந்து ஏறி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்குமாம். கடித்துச் சுமார் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வருமாம். அதன் எச்சில் என் ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் மரவட்டையைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். த்தூ!

"துணியெல்லாம் எங்கம்மா காயப்போடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

புடவை, சட்டையெல்லாம் வாசல் கொடியில்தான். பாவாடையை மட்டும், ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று, பின்பக்கம் புல் மண்டிய வேலிச் செடிமேல் விரிப்பேன். என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். ஊரிலுள்ள பூச்சியையெல்லாம் உதறித் தள்ளியவள், ஒன்றை நானே புதரிலிருந்து எடுத்துவந்து இடுப்பில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

டாக்ஸிசைக்ளின் (இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து) கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூச்சு சீராக ஒரு வாரம் ஆனது. உங்கள் வீட்டிலும் யாராவது பெயர் தெரியாத காய்ச்சலோடு படுத்திருந்தால், வெட்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு, நாடாவுக்கு அடி எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்துவிட்டு மருத்துவருக்குப் பதில் சொல்லுங்கள்.

பொருக்கு உதிர்ந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு வெளுத்த குழி இருக்கிறது. குளிக்கும்போது விரல் தானாக அங்கே போகிறது. இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதென்றால் பத்து நாளுக்கு முன் எதுவும் கடிக்கவில்லை என்று மட்டும்தான் தெரியும். இன்று என்ன நடந்தது என்பதை இனிமேல்தான் உடம்பு சொல்லும்.

வீடு திரும்பிய மறுநாள் பாவாடையை வாசல் கொடியில், நல்ல வெயிலில் போட்டேன். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய கணவர் நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, ரோட்டுல போறவங்கல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் இருக்கறதையும் சேத்துப் பாக்கட்டும்."

அவர் கொடியில் தன் சட்டையிலிருந்த கிளிப்பை எடுத்து, காற்றில் நழுவிய பாவாடையில் மாட்டிவிட்டுப் போனார்.

மாலையில் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டேன். பிறகு காலண்டரில், பத்தாம் நாளின் மேல் ஒரு புள்ளி வைத்தேன்.