முதுகு வைத்த நாற்காலி

எழுபதுகளின் தொடக்கத்தில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். முப்பது வயதுகூட ஆகவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் ஒரு நிமிஷம் நின்றுதான் அடுத்த காலை எடுத்து வைப்பேன்.

எங்கள் அறையில் டைப்பிஸ்டுகள் இரண்டு பேர். மற்றவள் சைதாப்பேட்டையிலிருந்து வருபவள், என்னைவிடச் சின்னவள். முதுகு வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அது அவளுடையது. எனக்கு ஸ்டூல். டாக்டர் சீட்டை சூப்பிரண்டெண்டிடம் காட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள். "நீங்க உக்காருங்கக்கா. எனக்கு இன்னா, ஸ்டூலே போதும்."

அடையாறில் ஒரு மருத்துவமனையில் வாரம் ஒருநாள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். குப்புறப் படுத்து நெஞ்சை எழுப்ப வேண்டும். வீட்டிலும் தினம் இருவேளை. ஒரு வாரம் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். சோம்பல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வலி போனால் நாற்காலியும் போய்விடும். பெரிய மெஷினில் அடிக்க வேண்டிய நீள நீளமான ஸ்டேட்மெண்டுகளும் என்னிடம் திரும்பி வந்துவிடும். அவற்றையெல்லாம் அவள்தான் ஸ்டூலில் குனிந்தபடி அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலி இருந்தது, பொய்யில்லை. ஆனால் நான் சொல்லிக்கொண்ட அளவுக்கு இல்லை.

அங்கே கூட்டத்தோடு கூட்டமாக ஒப்புக்குச் செய்துவிட்டு, பயிற்சி தருகிற அம்மா கேட்கும்போதெல்லாம், "தினம் செய்யறேங்க" என்பேன்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பயிற்சி அறைக்குள் நுழைந்தால், பாயில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"இடுப்புதாங்க்கா. நீங்க வர்ற எடமாச்சேன்னு இங்கயே வந்தேன்" என்று சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் அந்த அம்மா அவளிடம். "இவங்க தினம் செய்யறவங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க செஞ்சு காட்டுங்க, அவங்க பாத்துக்கட்டும்."

படுத்தேன். இடுப்பைத் தூக்கினேன். மூன்று எண்ணுவதற்குள் தொடை வெடவெடவென்று ஆடி, தொப்பென்று விழுந்தேன். மறுபடி தூக்கினேன், மறுபடியும் விழுந்தேன். அந்த அம்மா நான் வந்த தேதிகள் குறித்த சீட்டை எடுத்து ஒரு முறை பார்த்தார். "சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பக்கத்துப் பாயைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நாற்காலியை அவள் மேஜைக்கு இழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, உட்கார்ந்தாள்.

"நான் வீட்ல செய்யவே இல்ல. குணமாயிட்டா இது போயிடுமேன்னுதான்..."

மெஷினில் பேப்பரைச் செருகிக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா. சாப்பாட்டு வேளைல பஜாருக்குப் போயி, ரெண்டு கையிலயும் பை தூக்கிக்கினு மாடியேறி வருவீங்களே."

சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

அன்று முதல் ஒருநாள் விடாமல் பயிற்சி செய்தேன். நாலு மாதத்தில் எனக்கு வலி வெகுவாகக் குறைந்தது. அவளுக்குக் குறையவில்லை. சாப்பாட்டு வேளையில் ரிக்கார்டு ரூமில் பாய் விரித்து இருவரும் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டேன்.

"இல்லக்கா, நான் வீட்லயே செஞ்சிக்கறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.