பல்லவிக்கு நான் மாற்றி எழுதிய கல்யாணம்

போன வாரம் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெயரைக் கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டு உட்காருவது எப்பேர்ப்பட்ட தவம் என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சுவரில் டிவி. தமிழில் டப் செய்த பழைய இந்தி சீரியல். சிவப்புப் புடவையில் ஒரு பெண் அக்கினியைச் சுற்றி வருகிறாள். அவளுடைய காதலன் தூணுக்குப் பின்னால் நின்று கண் கலங்குகிறான். பக்கத்து நாற்காலி அம்மா உச்சுக் கொட்டினார். "பாவம், அப்பன் பேச்ச கேட்டு எவனையோ கட்டிக்கினா பாரு." என் வாய் சும்மா இருக்குமா? "இல்லக்கா, அது கனவு. நெஜத்துல அவ கட்டிக்கல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அது கனவே இல்லை. பல்லவி என்கிற அந்தப் பெண் அப்பா சொன்ன மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாள். இந்தியா முழுக்க அதைப் பார்த்தது. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவில் மட்டும் அவள் கட்டிக்கொள்ளவில்லை. காரணம் நான்.

ஸ்கேன் சென்டர் டிவி படம் மாட்டியது போலத் தட்டையாக இருந்தது. அதற்கு ஒரு வாசனையும் கிடையாது. என் பெரியம்மா கன்னியம்மா வீட்டு டிவிக்கு வாசனை உண்டு. பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி; அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் பெரியம்மா வேலை செய்த வீட்டில் புதிது வாங்கியபோது தூக்கிக் கொடுத்தது. போட்ட ஐந்தாவது நிமிடம் உள்ளே இருக்கும் தூசி சூடாகி ஒரு வாடை கிளம்பும். அதோடு, பாத்திரம் தேய்த்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்த எட்டு ஒன்பது பெண்களின் கையிலிருந்து எலுமிச்சை சோப்பு வாசம். இப்போதும் அந்த சோப்பைக் கையில் எடுத்தால் எனக்கு மதியம் இரண்டு மணி ஆகிவிடும்.

இரண்டு மணிக்குத்தான் அந்த சீரியலின் மறு ஒளிபரப்பு. தமிழ் சீரியல் எத்தனையோ இருக்க, இந்தி எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பாவும் கேட்டார், கொஞ்சம் காரமாகவே. பதில் எளிது. குவார்ட்டர்ஸில் வடக்கத்திக் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் பெருக்கும்போது துடைப்பத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் அது. எல்லோருக்கும் பல்லவியின் முகம் தெரியும், அவள் அம்மாவைத் தெரியும், யார் யாரை முறைக்கிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. அதற்குத்தான் நான்.

பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் இழுத்துக்கொண்டிருந்த வருடம். அம்மா சப்பாத்தி போட்டுக் கொடுக்கும் வீட்டு டீச்சரம்மா எனக்குப் பிரியமாக இந்தி சொல்லிக்கொடுத்து, இரண்டு பரீட்சை பாஸ் பண்ண வைத்திருந்தார். தெருவில் அது டாக்டர் பட்டத்துக்குச் சமம். ஆனால் என் இந்தி 'இது மேஜை, அது நாற்காலி' என்ற அளவில்தான் உறுதியானது. பல்லவியோ ஒருநாள்கூட மேஜை நாற்காலி பற்றிப் பேசியதில்லை. நான் டிவிக்குப் பக்கத்தில், பெண்களைப் பார்த்தபடி உட்காருவேன். "இன்னாடி சொல்றான்?" என்று பெரியம்மா கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை முகத்தைப் பார்த்துச் சொல்வேன். விளம்பரம் வரும்போது சந்தேகங்களுக்குப் பதில். நேர்மையாகச் சொல்கிறேன், பாதிக்கு மேல் என் கைச்சரக்கு. ஆனாலும் அதுவரை தெரிந்தே மாற்றிச் சொன்னதில்லை.

பெரியம்மா மகள் மல்லிகா எப்போதும் கடைசியில், சுவரில் சாய்ந்து உட்காருவாள். மாமல்லபுரத்தில் சங்கு, பாசிமாலை விற்கும் கடையில் வேலை பார்த்தவள். அங்கே போகிற ஷேர் ஆட்டோவை ஓட்டும் டேவிட்டைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். ஒரே தெரு, ஒரே சாதி. ஆனால் அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். பெரியம்மா அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மதுராந்தகத்துத் தம்பி மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். தை பிறந்ததும் தட்டு மாற்ற வேண்டியது. மல்லிகா யாரோடும் பேசுவதில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுவாள்.

அந்த நேரம் பார்த்து சீரியலிலும் பல்லவிக்கு வேறு மாப்பிள்ளை. அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறாள், பல்லவி தலையைக் குனிந்து "உங்கள் இஷ்டம் அப்பா" என்கிறாள். என் பாழாய்ப்போன இந்திக்கு அன்றைக்கென்று ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "இன்னாடி சொல்றா?" என்று கேட்டார் பெரியம்மா. மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை, யாரும் கெஞ்சவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். "உன் இஷ்டத்துக்கு நான் ஆட முடியாதுப்பா, அவரைத்தான் கட்டுவேன்னு சொல்றா பெரிம்மா" என்றேன்.

ஒரு பொய் சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம். தினம் அரைமணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் பொய் சொல்வது உழைப்பு. திரையில் பல்லவிக்கு மருதாணி வைத்தால், அது அவளுடைய அக்காவுக்கு என்றேன். அக்கா எங்கிருந்து வந்தாள் என்று எதிர்வீட்டு எல்லம்மா கேட்டார். இரட்டைப் பிள்ளை, சின்னதில் காணாமல் போனவள் என்றேன். கல்யாணம் மூன்று வாரம் நடந்தது, அது மொத்தமும் அப்பா காணும் கனவு என்றேன். "இவ்ளோ நாளு தூங்குறானே, வேல வெட்டி இல்லியா?" என்றார் எல்லம்மா. நம்பினார்கள். அந்த மாதிரி சீரியல்களைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

கடைசியில் பல்லவியின் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று நீளமாகப் பேசும் காட்சி. என்ன பேசினாள் என்று சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வாயில் வந்ததைச் சொன்னேன்: "என்ன கட்டிக்குடுத்தப்போ எவனும் என்ன ஒரு வார்த்த கேக்கல. எம் பொண்ணையாவது நான் கேக்குறேன்." பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர் பெரியம்மா. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று விளம்பரத்தின்போது பெரியம்மா மட்டும், "அம்மாக்காரியே சொல்லிட்டாளா?" என்றார். சொல்லிவிட்டாள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மதுராந்தகம் பஸ் ஏறினார். தம்பியோடு சண்டை போட்டுத் திரும்பி வந்தார். மல்லிகாவை எதிரில் உட்காரவைத்து, "அவன்தான் வோணுமா? நல்லா ரோசன பண்ணி சொல்லு" என்று கேட்டார். டிவியைப் பார்த்து அவர் மனம் மாறிவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. அவருக்குள் முன்பே ஏதோ இருந்திருக்கும். ஆனால் மகளைக் கேட்டார். அது போதும் எனக்கு.

டேவிட்டோடு கல்யாணம் நடந்து, மல்லிகாவின் பிள்ளை தவழத் தொடங்கிய சமயம், அதே சீரியல் தமிழில் வரத் தொடங்கியது. நான் அப்போது செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அந்தக் கட்டம் வரும் வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டு வந்து, குற்றவாளி போல என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அறை நிறையப் பெண்கள். பல்லவி நல்ல தமிழில், மணிமணியாக, "உங்கள் விருப்பம்தான் அப்பா என் விருப்பம்" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "இன்னாடி இது? நீ வேற மாதிரி இல்ல சொன்ன?" என்றார் எல்லம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "இவ சொன்னதுதான் கரீட்டு. தமிழ்ல போடறவன் மாத்திட்டான். வாயி ஒண்ணு பேசுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது, பாத்தாலே தெர்ல? நம்மூரு ஆம்பளைங்க கோச்சிக்குவானுங்கன்னு பயந்துக்கினு மாத்தி வெச்சிகீறான்."

எனக்குத் தாங்கவில்லை. "பெரிம்மா, நான்தான் பொய் சொன்னேன்" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"நீ சும்மா கெட. உனக்கு இன்னா தெரியும்?" என்றார். மல்லிகாவின் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, டிவியை அணைத்தார். அதன் பிறகு அந்த சீரியல் அந்த வீட்டில் ஓடவே இல்லை.

பெரியம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. எல்லம்மா மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்களில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு போன், எல்லாக் கதையும் தமிழிலேயே வந்துவிடுகிறது, யாரும் யாரையும் "இன்னாடி சொல்றா?" என்று கேட்பதில்லை. பல்லவியின் கதை முழுவதும் இணையத்தில் கிடக்கிறது, ஒரு சொல் பிசகாத மொழிபெயர்ப்போடு. எங்கள் பல்லவி, அப்பாவை எதிர்த்து நின்றவள், எதிலும் பதிவாகவில்லை. அவள்தான் நிஜம், மற்றது பயந்தவன் வேலை என்று சண்டை போட ஒரே ஒரு ஆள் இருந்தார். இப்போது அந்தச் சண்டையை நான் போடுகிறேன்.