இடது கையை மறைத்தேன்

நயா பைசா வந்த வருஷம், கீரனூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் மரு (தோலின்மேல் சொரசொரப்பாக எழும் சிறு முளை) வலது ஆள்காட்டி விரலில் வந்தது. சாக்பீஸ் பிடிக்கும்போது நெருடியது. சில மாதங்களில் வலது கையில் ஆறு, இடது கையில் ஐந்து ஆகிவிட்டன.

வலி இல்லை. கூச்சம்தான். கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் எழுத்தை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பதுபோலத் தோன்றும். கல்யாண வீடுகளில் பரிமாற எழுந்திருப்பதை நிறுத்திக்கொண்டேன்.

என் மனைவி புஷ்பத்துக்கு ஆவூர் பக்கம். "எருக்கம்பால் வைங்க, உதிர்ந்துரும். எங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் வைப்பாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்றேன். தினமும் காலையில் வலது கை மருக்களில் ஈர்க்குச்சி முனையால் பால் வைப்பது, இடது கையில் ஒன்றும் வைக்காமல் விடுவது. ஆசிரியர் அறையில் இதை எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். பெருமையாக இருந்தது.

சுற்றியிருந்த தோல் வெந்து கொப்பளித்தது. பொறுத்துக்கொண்டேன். ஆறாவது வாரம் வலது கை மருக்கள் கறுத்து உதிர்ந்தன. ஆசிரியர் அறையில் கையை நீட்டிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

அதே வாரத்தில்தான் புஷ்பம் கேட்டாள். "என்னங்க, எடது கையிலயும் மூணைக் காணோமே? அதுல நீங்க ஒண்ணும் வைக்கலையே?"

"யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பால் வைக்காத கையிலும் மரு போனால், பாலால்தான் போனது என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கைதட்டு வாங்கியாகிவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவர் சின்னையா. ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"சார், எருக்கம்பால் கேக்குதாமே? எனக்கும் கண் எமையில ஒண்ணு இருக்குங்க."

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "கைமேல பலன்யா" என்றேன். கண்ணுக்குப் பக்கம், ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனேன். ஒரு கண் சிவந்திருந்தது. "வலியே இல்ல சார். பொகை மூட்டமா தெரியுது. ஊசிக் காது தெரியல" என்றார்.

பஸ் ஏறித் திருச்சிக்கு அழைத்துப்போனேன். கண் ஆஸ்பத்திரி நடையில் வெகுநேரம் காத்திருந்தோம். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"கருவிழி (கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) வீங்கியிருக்கு. இந்தப் பால் பட்டா வலி மரத்துப்போயிடும். அதனால தாமதமா வர்றாங்க. யார் வைக்கச் சொன்னது?"

"நானேதாங்க வச்சுக்கிட்டேன்" என்றார் சின்னையா.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தேன். இடது கையில் அப்போது ஒரு மருவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"மரு கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால வருது. நிறையப் பேருக்கு அதுவாவே போயிடும்" என்றார் டாக்டர். "தெரிஞ்சுமா இவருக்குச் சொன்னீங்க?"

"ஆமாங்க."

பஸ்ஸில் திரும்பினோம். கீரனூரில் இறங்கியதும், சின்னையா கட்டுப் போட்ட கண்ணோடு நின்று, "எடது கையை அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல சார்?" என்றார்.

சொட்டு மருந்து விடத் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் அவர் மனைவி புட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க வேண்டாம் சார். நானே விட்டுக்கிறேன்." அதன்பிறகு வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் திரும்புவேன்.

இருபத்தைந்து நாளில் புகை விலகியது. பார்வை முழுசாகத் திரும்பிவிட்டது. அதற்குள் ஆசிரியர் அறையிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவர் செய்தித்தாளைப் புரட்டினார். சின்னையா இப்போதும் என் சட்டையைத் தைத்துக் கொடுக்கிறார். அளவு எடுக்கும்போது பேசுவதில்லை.

மரு வந்தவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். அவசரப்படாதீர்கள். முகத்திலும் கண்ணருகிலும் எந்தப் பாலையும் வைக்காதீர்கள். உங்களுக்குக் கேட்டது என்று அடுத்தவருக்குச் சொல்வதற்கு முன்னால், மருந்து வைக்காமலே போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கைகள் இப்போது வழவழப்பாக இருக்கின்றன. எதனால் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நோயாகக் கிடந்த காலம் எது என்று யாராவது கேட்டால், மரு இருந்த மாதங்கள் நினைவுக்கு வருவதில்லை. சின்னையா வீட்டு வாசலில் நின்ற அந்த இருபத்தைந்து நாட்கள்தான் வருகின்றன. என் உடம்பில் அப்போது ஒரு நோயும் இல்லை.