ஆள் நிற்காத மலை

மோகனூர் கடைவீதியில் தமிழரசுவின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பனிமலை. பின்சுவரை மறைத்துத் தொங்கும் ஃபிளெக்ஸ் திரை அது. கீழே நீல ஏரி, நடுவில் மலை, மேலே மேகமில்லாத வானம். இருபது வருடமாக ஊர்ச்சனம் மொத்தமும் அதன் முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. நிச்சயம் ஆன பெண், பிளஸ் டூ தேறிய பையன், காது குத்திய குழந்தை, சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும். திரை கிழிந்து கிழிந்து இரண்டு முறை புதிதாக அடித்தாயிற்று. மலை மட்டும் அதே மலை. அதன் இடது தோளும் வலது தோளும் தமிழரசுவுக்கு அத்துபடி. நடுப்பகுதிதான் சரியாகத் தெரியாது. கேமரா வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அங்கே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆகவே, மனைவி மைதிலியின் தம்பி மணிமாறன் இந்த வருடம் சுவிட்சர்லாந்து போகலாம் என்றதும், தமிழரசு செலவு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினார். மைதிலி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். மணிமாறனுக்குக் கோழிப்பண்ணை. முட்டை விலை கைகொடுக்கிற வருடமெல்லாம் உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு எங்காவது பறப்பது அவன் வழக்கம். மலை பார்க்கவோ கடல் பார்க்கவோ அவன் போவதில்லை. போய்வந்தோம் என்பதற்குப் போகிறவன்.

தமிழரசுவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு நிஜமான பனிமலையை, முன்னால் ஒரு ஆள்கூட நிற்காமல், தன் கையால் எடுக்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மலையை மட்டும் எடுத்து என்னங்க பண்றது என்று கேட்பார்கள்.

ஆசைக்கு நடுவே நின்றது குடும்பம். போன முறை தாய்லாந்து. போன நாள் முதல் திரும்பிய நாள் வரை அங்கே அவர் பார்த்தது சொந்தக்காரர்களைத்தான். கல்யாண மண்டபத்தில் மேடையேறுகிற வரிசை எதுவோ அதே வரிசை அங்கேயும் நடந்தது. முதலில் எல்லோரும் ஒட்டுக்கா. பிறகு பங்காளிகள் தனியாக, மாமன் மச்சான் தனியாக, பெண்கள் தனியாக, பிறகு ஜோடி ஜோடியாக. ஒரு இடம் முடிந்து அடுத்த இடம் போனால் முதலிலிருந்து. அங்கே ஒரு தங்க புத்தர் இருந்ததாகச் சொல்கிறார்கள். படங்களில் அவருடைய ஒரு காது மட்டும் மணிமாறன் தலைக்கு மேலே தெரிகிறது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்று தமிழரசு கேட்டுப் பார்த்தார். போன் படம் ஸ்டேட்டஸுக்கு, ஆல்பத்துக்கு நீங்கதான் என்று பதில் வந்தது. இவ்வளவு பாடுபட்டும், யானைக்கு முன்னால் எடுத்த படத்தில் சின்ன மாமனார் செங்கோடன் எப்படியோ விட்டுப்போனார். ஊர் திரும்பிய பிறகு தீபாவளி வரைக்கும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால், கட்டிலில் துண்டை விரித்து லென்சுகளை அடுக்கிய தமிழரசு, எந்த லென்சில் காட்சி நன்றாக விழும் என்று யோசிக்கவில்லை. எந்த லென்சில் சொந்தக்காரர்கள் விழமாட்டார்கள் என்று யோசித்தார்.

வைடு லென்சை எடுத்தார். மலைக்கு அருமையான லென்ஸ். ஆனால் ஒரு மண்டபத்தையே விழுங்கும் வாய் அதற்கு. கீழே வைத்தார். ஐம்பது எம்எம் லென்சைத் தொட்டார். ஜோடி ஜோடியாக எடுத்தது ஞாபகம் வந்தது. இருபத்துநாலு எழுபது, இத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்ட லென்ஸ். சொந்தம் மொத்தமும் அதில் அடங்கும் என்று ஓரமாகத் தள்ளினார். மூலையில் மிச்சமிருந்தது அறுநூறு. பீரங்கி மாதிரி நீளம். காவிரிக்கரைக் கொக்குகளை எடுக்கலாம் என்று ஏதோ ஒரு வேகத்தில் சேலத்தில் பழசாக வாங்கியது. பக்கத்தில் நிற்கும் மனிதரை அதில் எடுத்தால் மூக்கு மட்டும்தான் விழும்.

தமிழரசுவின் முகம் தெளிந்தது. இதில் மலை அடங்கும். குடும்பம் அடங்காது.

மற்ற லென்சுகளெல்லாம் சேலத்துக்கு சர்வீசுக்குப் போயிருப்பதாக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு, அவற்றை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் தள்ளினார். மறுநாளே ஸ்வெட்டர் தேடிய மைதிலியின் கையில் மூன்றும் சிக்கின. அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டு, "லென்சை ஒளிச்சு வெச்சுட்டா எங்க சனம் உட்டுருமாக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேள்வியை அவர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மாமியார் சௌந்திரம் கேமராப் பையைத் திறந்து பார்த்திருந்தார். லென்சுகள் இல்லாத மூன்று மெத்தைக் குழிகள் அந்த அம்மாவின் கண்ணுக்கு வீணாகக் கிடக்கும் இடமாகத் தெரிந்தன. ஒன்றில் கொள்ளுப்பொடி டப்பா, ஒன்றில் பருப்புப்பொடி, ஒன்றில் எள்ளுப்பொடி. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின. கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது, அத்தை, என்று தமிழரசு மன்றாடினார். மணிமாறன் பண்ணையிலிருந்து தீவனம் நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்து பையை மாட்டினான். முள் ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. மாமியார் வெற்றியோடு பார்த்தார். விமான நிலையத்தில் அந்தப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பீரங்கியை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொள்ளுப்பொடியைத்தான் வெகுநேரம் மோந்து பார்த்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் மூன்றாவது நாள் ஒரு ஏரிக்கரை வந்தது. பேருந்திலிருந்து இறங்கிய தமிழரசு அப்படியே நின்றுவிட்டார். நீல ஏரி, அதன்மேல் மலை, இடது தோள், வலது தோள். அவர் கேமராவைத் தூக்குவதற்குள் மணிமாறன் தன்னோடு சேர்த்துப் பதினொரு பேரையும் வரிசையில் நிறுத்திவிட்டான். யாரும் சொல்லாமலே பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம்.

தமிழரசு நிதானமாக அறுநூறை மாட்டினார். ஒரு படம் எடுத்து மாமியாரிடம் காட்டினார். கேமராத் திரை முழுக்க அவருடைய மூக்குத்தி. மற்ற லென்செல்லாம் சர்வீசில் இருப்பதையும், இந்த லென்சில் பக்கத்து ஆட்கள் அடங்கமாட்டார்கள் என்பதையும் வருத்தமான குரலில் விளக்கினார். சனம் அந்த மூக்குத்தியை ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தது.

"எவ்வளவு தூரம் போனா அடங்குவோம், மாமா?" என்றான் மணிமாறன்.

அங்கேதான் தமிழரசு தப்புச் செய்தார். ஏரி வளைந்து போகும் அந்தக் கோடியில் ஒரு படகுத்துறை தெரிந்தது. அதைக் கைகாட்டினார். இந்தக் குளிரில் யார் போவார்கள் என்று நினைத்தார். வருடா வருடம் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தே போகிற சனம் இது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"அவ்வளவுதானுங்களா?" என்று செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டினார். பதினொரு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

கரையில் தமிழரசு தனியாக நின்றார். கேமராவைக் கண்ணில் வைத்தார். மலை இருந்தது. முன்னால் யாரும் இல்லை. ஒரு படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். காலையில் கடை திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன், திரை இப்படித்தான் தொங்கும். நடுப்பகுதியில் பாறையும் பனியும் இருந்தன. அவருடைய கண் அங்கே தலைகளை எண்ணத் தேடியது. அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

போன் அடித்தது. மணிமாறன். படகுத்துறையில் பதினொரு நிறப்புள்ளிகள் கையாட்டின. தெரியறமா மாமா என்று கேட்டான்.

தமிழரசு பெருமூச்சு விட்டார். "அத்தையை நடுவுல நிறுத்து, மணி. உங்க சித்தப்பாவைச் சித்தெ இந்தப் பக்கம் வரச் சொல்லு. மலையை மறைக்கறாரு."

அந்த நீளமான லென்ஸ் தூரத்தையெல்லாம் மடித்துச் சுருட்டிவிட்டது. மலை பதினொரு பேரின் முதுகிலும் ஒட்டவைத்தது போல விழுந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்த மாமியார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இது நம்ம கடைத் திரையாட்டவே இருக்குதுங்களே. இதுக்கு மோகனூர்லயே நின்னிருக்கலாமுங்க."

ஆமாங்க, அச்சு அசல் அதேதானுங்க என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மைதிலி மட்டும் கேமராவை வாங்கி ஒரு படம் பின்னால் தள்ளினாள். ஆளில்லாத மலை. அவள் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலே செங்கோடனின் தலை எட்டிப் பார்த்தது.

"இதுல என்னைக் காணமுங்களே," என்றார் அவர்.

அதில் யாருமே இல்லை மாமா என்று தமிழரசு சொல்லிப் பார்த்தார். யானைப் படத்துக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு சமாதானம் சொன்னார்கள் என்றார் செங்கோடன். பிறகு வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு, தனியாளாகப் படகுத்துறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

தமிழரசு மைதிலியிடமிருந்து கேமராவை வாங்கி, மாட்டியிருந்த லென்ஸ் மூடியைத் திரும்பக் கழற்றினார்.