அரியகுட்டி அண்ணை மிச்சம் பிடித்த பெற்றோல்

கிளினிக்கில் குழந்தைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளையின் சட்டையைக் கழற்றிக்கொண்டே, லொறி ஓட்டுகிற அரியகுட்டியர் முந்தநாள் மோசம் போய்விட்டார் என்று சொன்னாள். நெஞ்சுவருத்தமாம், வீட்டு வளவுக்குள்ளேயே விழுந்து உயிர் போயிற்றாம். எனக்கு அவரைத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் பிள்ளையின் நிறையை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

செத்தவீட்டின் எட்டுச் செலவு கழிந்த பிறகு அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். “அப்பாவோட ஒண்டா ஆசுபத்திரியிலை வேலை செய்தனீங்கள்தானே மிஸி. அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்துக்கு நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ” என்றாள். அவரை அறிந்தவர்களே, அதனால்தான் எழுதுகிறேன். நாலு வரிக்குள் அடங்கவில்லை. நல்லதாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டை வெட்டி ஆட்களைக் குடியேற்றியிருந்த ஒரு கொலனி. அங்கே ஒரு சிறு ஆசுபத்திரி. நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுவாக முதல் நியமனம் பெற்று அங்கே போனபோது அரியகுட்டி அண்ணை அம்புலன்ஸ் வானின் சாரதியாக இருந்தார். மாதத்துக்கு இவ்வளவு பெற்றோல் என்று மேலிடம் அளந்து அனுப்பும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

அவர் வான் ஓட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எதுவுமே செய்யாதவர் போல இருக்கும். வளைவு வருமுன்னரே காலை எடுத்துவிடுவார். வான் தானாகத் தளர்ந்து, திரும்பி, மறுபடி வேகம் பிடிக்கும். மாடு குறுக்கே நின்றால் தூரத்திலேயே கண்டு மெதுவாகி, மாடு விலகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவார். ஒருமுறை, ஏன் பிறேக்கைத் தொடுவதேயில்லை என்று கேட்டேன். “பிறேக்கை மிதிக்கிறதெண்டா, முன்னம் ஊத்தின பெற்றோலை றோட்டிலை கொட்டுறது மிஸி” என்றார்.

காலையில் எல்லாச் சில்லுக்கும் காற்றுப் பார்ப்பார். வானை வெயிலில் விடமாட்டார். பின்னால் கிடந்த, எவரும் உட்காராத இரும்பு வாங்கைப் பாரம் குறையட்டும் என்று கழற்றிக் களஞ்சியத்தில் போட்டார். மருந்து எடுக்கும் நாளையும், சுகமானவர்களை வீட்டில் விடும் நாளையும், என் கிளினிக்கையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிடுவார். கிளினிக் வாசலில் ஒரு நிமிடம் நின்றாலும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். இப்படி மிச்சம் பிடித்ததை ஒரு தகரத்தில் ஊற்றிப் பூட்டி வைத்திருப்பார். அவசரத்துக்கு என்பார்.

அந்தத் தகரம் ஆசுபத்திரிப் பொறுப்பதிகாரியின் கண்ணில் பட்டது. அவர் முதலில் செய்தது, தம் நிர்வாகத்தில் பெற்றோல் மிஞ்சுகிறது என்று மேலிடத்துக்கு எழுதியது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு எங்கள் பங்கு குறைந்தது. அதற்குப் பிறகும் அரியகுட்டி அண்ணை எப்படியோ தகரத்தை நிரப்பினார். பொறுப்பதிகாரிக்கு மான் வேட்டையில் பிரியம். சனிக்கிழமைகளில் சினேகிதர்களோடு, வானைத் தாமே ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். பதிவுப் புத்தகத்தில் அது ‘தூரக் கிராமத்துக் கிளினிக்’ என்று எழுதப்படும். போய் வந்தவள் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட்டேன். ஒருமுறை அல்ல, நான்கு முறை. என் நியமனம் அப்போது நிரந்தரமாகவில்லை.

மார்கழி மழையில் ஒரு திங்கட்கிழமை, கொலனியில் பூமணி என்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை சுகம். ஆனால் நச்சுக்கொடி வரவில்லை, இரத்தம் நிற்கவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அரியகுட்டி அண்ணை தாங்கிக்குள் தடியை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். நனைந்திருந்தது இரண்டு விரல் அளவு. தகரம் வெறுமை. சனிக்கிழமை அவர்கள் அதையும் ஊற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெற்றோல் அடிக்கும் செட் இருந்த மாங்குளத்து வழியை வெள்ளம் மூடியிருந்தது. நெடுங்கேணி வழிதான் மிச்சம்.

அன்று அவர் ஓட்டிய மாதிரி எவரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். மேலதிகச் சில்லை இறக்கிப் போட்டார். சரிவுகளில் இயந்திரத்தை நிறுத்தி வானை உருளவிட்டார். நான் பூமணியின் அடிவயிற்றை இரண்டு கைகளாலும் அமுக்கியபடி இருந்தேன். அவளுடைய புருஷன், கெதியாக விடச் சொல்லி அழுதான். “கெதியா விட்டா நெடுங்கேணியோட நிண்டிடும் தம்பி” என்றார் அரியகுட்டி அண்ணை. இரத்தம் ஓடுகிற ஒருத்தியை வைத்துக்கொண்டு மெதுவாகப் போக வேண்டியிருந்தது. பூமணி ஒரு தடவை கண்ணைத் திறந்து, “பிள்ளை அழுததோ மிஸி?” என்று கேட்டாள். அழுதது என்றேன்.

நெடுங்கேணி தாண்டி, புளியங்குளத்தில் பெருந்தெருவில் ஏறினோம். ஓமந்தைக்கு இரண்டு மைல் இருக்கையில் வான் நின்றது. புருஷனும் அவரும் தள்ளினார்கள். லொறி ஒன்று வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. அதற்குள் என் கைகளுக்குக் கீழே அவள் குளிர்ந்துவிட்டாள்.

விசாரணை நடந்தது. சாரதி பெற்றோலைத் திருடி விற்றுவிட்டார் என்று பொறுப்பதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். மேலிடத்திலிருந்து வந்தவர் பதிவுப் புத்தகத்தை என் முன்னால் திருப்பி வைத்து, சனிக்கிழமை வானில் கிளினிக்குக்குப் போனது நீங்கள்தானா என்று கேட்டார். இல்லை என்றால் நான்கு கையெழுத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். ஓம் என்றால் வேட்டை நடக்கவேயில்லை, காணாமற் போன பெற்றோல் சாரதியின் தலையில் விழும்.

“ஓம்” என்றேன்.

மிஸி சொல்வது உண்மையா என்று அரியகுட்டி அண்ணையைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். “மிஸி சொன்னா சரிதான்” என்றார். அத்தோடு அவர் வேலை போயிற்று. பொறுப்பதிகாரி பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார்.

சில வருடங்களுக்குப் பின் புதுக்குடியிருப்புச் சந்தையில் அவரைக் கண்டேன். மர லொறி ஓட்டினார். சந்தை இரையும்படி முடுக்கி வந்து, மண் கிளம்பப் பிறேக் அடித்து நிறுத்தினார். கிட்டப் போய், அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேள்விதான் வந்தது.

“உங்களிலை இரக்கப்பட்டு இல்லை” என்றார். “நீங்களும் போனா அந்தக் கொலனியிலை பிள்ளைப்பெறு பாக்க ஆரிருக்கினம்? அதுக்குத்தான். மற்றும்படி உங்களோட கதைக்க எனக்கு விருப்பமில்லை.” லொறியில் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொன்றும் சொன்னார். “நான் மிச்சம் பிடிச்சிருக்கக் கூடாது மிஸி. எல்லாரையும் போலை எரிச்சிருந்தா, வேட்டைக்கு ஊத்த அவங்களுக்கு ஒண்டும் இருந்திராது.”

அது சரியல்ல என்று சொல்ல நினைத்தேன். லொறி போய்விட்டது. அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

மகளே, உன் அப்பா ஒரு போத்தல் பெற்றோல்கூட விற்கவில்லை. விற்றார் என்று இன்றும் கோப்பில் இருக்கிறது. அது பொய். அதற்கு நானும் சாட்சி சொன்னேன். இதை அச்சிட உனக்கு மனம் வராவிட்டால் கிழித்துவிடு, நான் குறை நினைக்கமாட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த உத்தியோகம். அவர் விட்டுக் கொடுத்ததால் எனக்குக் கிடைத்தது. இதுவரை எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கைகளில் ஏந்திவிட்டேன். தாய்மார் கும்பிடுகிறார்கள். நான் நின்று அதை வாங்கிக்கொள்கிறேன்.